சின்ன டீச்சர் போட்ட பிரேக்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் நலமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே எங்களுக்குப் பொழுது விடிகிறது. நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம், அதாவது நலமாகத்தான் இருக்கிறோம். தினமும் போனில் பேசுகிறோமே, திடீரென்று எதற்குக் கடிதம் என்று பதறாதே, யாருக்கும் அடிபடவில்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நீங்கள் வந்து இறங்கும்போது விமான நிலையத்துக்குக் கார் வரும், அப்பாவும் வருவார், ஆனால் ஓட்டிக்கொண்டு வரப்போவது நான். அப்பா இனிமேல் ஓட்டமாட்டார். "தானா நிக்கிற கார்ல தாத்தா உன்னக் கூட்டிட்டு வருவேன்" என்று குட்டிக்கு வீடியோவில் எத்தனை தடவை வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று உனக்கே தெரியும், அதை விட்டுக்கொடுப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்றும் புரியும். போனில் சொன்னால் அவர் பக்கத்திலேயே நிற்பார், நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்லவேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

நீ அந்தக் காரை வாங்கிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கு நான் முகத்தைச் சுளித்தது உனக்கு நினைவிருக்கும். முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை நம்பியே பிழைத்தவள் நான், பிரேக் டீச்சர் என்றால்தான் என்னைத் தெரியும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது, என்னிடம் வந்து இந்தக் கார் தானாகவே பிரேக் போடும் என்றால் என் வேலைக்கே உலை வைக்க வந்தது என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் பெரிய சாலையில் அதை ஓட்டிப் பார்த்தேன். என்னத்தைச் சொல்ல, வேகத்தை ஒரு அளவில் வைத்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டேன், முன்னால் போன லாரி மெதுவானது, இதுவும் மெதுவாகி, நான் மாணவர்களுக்குத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கிற அந்த இடைவெளியை அப்படியே விட்டது, லாரி விலகியதும் யாரும் சொல்லாமல் மறுபடி வேகம் எடுத்தது. வேண்டுமென்றே கோட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்து பார்த்தேன், ஸ்டீயரிங் என் உள்ளங்கைக்குள் மெல்லத் திரும்பியது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களின் கையைப் பிடித்து நான் எப்படித் திருப்புவேனோ அதே அழுத்தம், அதட்டல் மட்டும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓரமாக நிறுத்தி இறங்கி, முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற அந்தக் கேமராவை எட்டிப் பார்த்தேன். அப்பாவும் பார்த்துவிட்டு, "சட்டைக் கைப் பித்தான் சைசுதான் இருக்கு, இதுக்கா இவ்வளவு மூளை" என்றார். அன்றிலிருந்து என்னை டீச்சர் என்றும் காரைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிட ஆரம்பித்தார், இரண்டு பேருமே பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்கிறோமாம்.

பெட்டிக்காரன் கதையை நீ பத்துத் தடவை கேட்டிருப்பாய், ஆனால் அதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குத் தைத்த வெள்ளைக் கோட்டுகளை அப்பாதானே கொண்டுபோய்க் கொடுப்பார், போன வருஷம் ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது குறுகலான தெரு, இடது பக்கம் வரிசையாக வேன்கள் நின்றன, இரண்டு வேனுக்கு நடுவிலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது, ஆள் உயரத்துக்கு அட்டைப் பெட்டி அடுக்கியிருந்ததால் தள்ளுகிறவர் தெரியவில்லை. என் கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது, கார் கிரீச்சென்று நின்றது. நான்தான் நிறுத்தினேன் என்றே நினைத்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மூச்சு நேரம் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் குனிந்து பார்த்தால் காலடியில் வெறும் மிதியடி, பிரேக்கும் இல்லை ஒன்றும் இல்லை. நான் மிதித்த அதே நொடியில் அதுவும் மிதித்திருக்கிறது. நான் காரின் முன் பலகையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் தோளில் கை வைத்த மாதிரி இருந்தது. அப்பா இறங்கிப் போய்க் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வண்டிக்கும் காருக்கும் நடுவில் வைத்து அளந்தார். ஒன்பது அங்குலம். அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர், போகிறவர், காஜா எடுக்க வருகிற பெண் எல்லோருக்கும் ஒன்பது அங்குலம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார், நானும் சேர்ந்து வாயைப் பிளந்தேன். இதில் நான் சொல்லாமல் விட்டது, ஏனென்றால் எனக்கே தோன்றாமல் போனது, பட்டப்பகலில் அவ்வளவு பெரிய வண்டியை எனக்குத் தெரிந்தபோது அவருக்கு ஏன் தெரியவில்லை என்பது. எந்த மாணவர் அப்படிச் செய்திருந்தாலும் அதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன்.

காரின் புத்தகத்தை நான் இரண்டு தடவை படித்தேன், அப்பா அட்டையைத் திறக்கவில்லை, ஓட்டத் தெரிந்தவனுக்குப் புத்தகம் எதற்கு என்பது அவர் கட்சி. சின்ன டீச்சருக்கு என்ன வராது என்றும் ஓட்ட ஓட்டத் தெரிந்துகொண்டேன். சாயந்தர வெயில் நேராக அடித்தால் அதற்கும் கண் கூசுகிறது, இப்போதைக்கு என்னால் முடியாது என்று நேர்மையாக எழுதிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சாலை வேலை நடந்த இடத்தில் பழைய வெள்ளைக் கோட்டை அழிக்காமலே புதுக் கோடு போட்டிருந்தார்கள், அது பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு தடுப்புக்கட்டைப் பக்கம் இழுத்தது, நான் கையை இறுக்கிப் பிடித்திருந்ததால் சரியாகப் போயிற்று. பள்ளத்தை மூடிய பளபளப்பான இரும்புத் தகட்டைப் பார்த்து ஒரு தடவை வீணாகப் பிரேக் போட்டு என் பையைக் கீழே உருட்டியது. நிற்கிற வேனுக்கு அடியில் செருப்புக் கால் தெரிகிறதா என்று பார், தெரிந்தால் ஆள் வரப்போகிறது என்று அர்த்தம் என்று நான் சொல்லிக்கொடுப்பேன் இல்லையா, நான் பார்த்தவரை அந்தச் சூட்சுமம் அதற்கு இல்லை, ஆள் வெளியே வந்த பிறகுதான் பார்க்கிறது. ஆனால் பார்த்துவிட்டால் அதன் காலுக்கு முன்னால் என் கால் எம்மாத்திரம். இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, காரின் குறை நிறையை விரல்விட்டுச் சொல்கிற நான், ஓட்டுகிற மனுஷரைப் பார்க்கவில்லை.

கண்ணைத் திறந்துவிட்டது ஒரு நர்ஸ், என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர். என் நோட்டு வழக்கம் உனக்குத் தெரியும், மாணவர் ஓட்டும்போது என் கால் ஒரு தடவை பிரேக்கில் பட்டால் ஒரு கோடு, கோடே இல்லாமல் ஒரு பக்கம் வந்தால்தான் பரீட்சைக்கு அனுப்புவேன், உன்னையே நாலு மாதம் அலையவிட்டேன், அப்பா சிபாரிசுக்கு வந்தும் மசியவில்லை. அந்த நர்ஸுக்கு முதல் நாளே ஒன்பது கோடு. வீட்டில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பழகியிருக்கிறார், அவர்களுடையதும் நம்முடையது மாதிரிக் கார்தான். நோட்டைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக் கார்ல நான் நல்லாத்தானே ஓட்டறேன் டீச்சர், ஒரு தடவகூட எதுலயும் இடிச்சதில்லயே" என்று கண் கலங்கினார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இடிக்காம இருந்தது உங்க காரும்மா, நீங்க இல்ல" என்றேன். சொல்லி முடித்ததும்தான் அப்பாவை நினைத்தேன். நம் காரின் இடது கண்ணாடியில் இருக்கிற கீறல், ஆஸ்பத்திரி வாசலில் எவனோ உரசிவிட்டுப் போய்விட்டான் என்று அப்பா சொன்னது, மேசையில் இடது பக்கம் வைத்த டீ டம்ளரை மாதத்துக்கு ஒன்று தட்டிவிடுவது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கோட்டு கொண்டுபோகிற நாள். நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன், கைப்பைக்குள் நோட்டு. கார் தானே பிரேக் போட்டால் ஒரு கோடு, எச்சரித்து மணி அடித்தாலும் ஒரு கோடு என்று வைத்துக்கொண்டேன். போக இருபது நிமிஷம் வர இருபது நிமிஷம், ஏழு கோடு. அதில் ஆறு இடது பக்கம். அவர் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் காலர் தைக்கச் சொன்ன விதத்தைக் குறை சொல்லிக்கொண்டு நிம்மதியாக ஓட்டினார், கார் மணி அடித்தாலும் பிரேக் போட்டாலும் அவர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. வீட்டுக்கு வந்ததும் நோட்டைக் காட்டினேன். அவ்வளவுதான், "முப்பத்தெட்டு வருஷமா ஓட்டறேன், எனக்கே கோடு போடறியா" என்று எழுந்தவர், என் கண்ணெதிரிலேயே மிகச் சின்ன ஊசியை எடுத்து ஒரே தடவையில் நூல் கோத்துக் காட்டினார். அறுபத்தேழு வயதில் கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்கிறவரிடம் கண் சரியில்லை என்று எப்படிச் சொல்வது, நானே குழம்பிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மெஷின் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை.

மூன்றாவது நாள் காலையில் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, என் மூக்கையே பாருங்கள், சும்மா ஒரு விளையாட்டு என்று அவரை எதிரில் உட்காரவைத்தேன். சிவப்பு நூல்கண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய வலது பக்கம் தோளுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்தேன், உடனே "ம், தெரியுது" என்றார். அப்புறம் இடது பக்கம். தோள் தாண்டி, காதைத் தாண்டி, கன்னத்துக்கு நேராக வந்துவிட்டது என் கை. அவர் சொன்னபடி என் மூக்கையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் அலுத்துக்கொண்டு, "ஆரம்பிக்க வேண்டியதுதானே, இன்னும் என்ன தேடற" என்றார். நூல்கண்டு அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவரே மெல்லத் தலையைத் திருப்பினார், என் கையைப் பார்த்தார், நூல்கண்டைப் பார்த்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "வா, நீயே ஓட்டு" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், உள்ளே அங்கங்கே புள்ளி மாதிரி வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அமுக்கவேண்டும். வெளியில் நின்ற எனக்கு வெளிச்சம் வந்து போவது தெரிகிறது, அவர் விரல் அசையாமல் இருக்கிறது, மகனே, அந்தப் பத்து நிமிஷத்தை உனக்கு எப்படி எழுதுவேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோயாம், வலி கிடையாது, சிவப்பு கிடையாது. இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்குப் பக்கம், அதாவது அதுவும் இடது பக்கம்தான், ஆரம்பித்திருக்கிறது, நடுப்பார்வை மட்டும் பளிச்சென்று இருக்கிறது, அதனால்தான் ஊசி கோக்கிறார். போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஆனால் இருட்டாகத் தெரிந்திருக்கவேண்டாமா, இவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். "கருப்பா எதுவும் தெரியாதும்மா, பார்வ இல்லாத எடத்த சுத்தியிருக்கறத வச்சு மூளையே நிரப்பிடும், அவரப் பொறுத்தவரைக்கும் ரோடு காலியாத்தான் இருந்துருக்கும்" என்றார். அந்தக் கேமராவைப் பார்த்து வாயைப் பிளந்தேனே, இத்தனை வருஷமாக அவர் மண்டைக்குள் ஒன்று, யாரும் கேட்காமலே, கிழிந்த இடம் தெரியாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, தையல்காரருக்கே தெரியாத ஒட்டு. அதுவும் போதாதென்று நான் வேறு. டாக்டர் சொன்னதும்தான் என் குரல் எனக்கே கேட்டது, ஒரு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது பக்கம் சைக்கிள், இடது பக்கம் ஆள் என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன், ஒரு நாளும் வலது பக்கம் என்று சொன்னதில்லை. காரும் அவர் மூளையும் நானுமாக மூன்று பேர் சேர்ந்து அவருக்கு உதவி செய்திருக்கிறோம், மூன்று பேரும் கெட்டிக்காரர்கள், ஒருத்தர்கூட அவரிடம் சொல்லவில்லை. இவ்வளவு நடக்கும்போதும் அப்பா டாக்டர் போட்டிருந்த கோட்டைப் பார்த்து, "கைப் பித்தான் தளந்துருக்கு, அடுத்த வாரம் குடுத்து விடுங்க" என்றார், அவர் தைத்த கோட்டுதான்.

வீட்டுக்கு வந்தும் குட்டி விஷயம்தான் அவருக்கு ஆறவில்லை. "ஒரே ஒரு தடவ, ஏர்போர்ட்டுக்கு மட்டும், மெதுவா ஓட்டறேன், சின்ன டீச்சரும் பாத்துக்கும், நீயும் பக்கத்துல இருப்ப" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். எத்தனையோ பேரை நீ இன்னும் தயாராகவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்பியவள் நான், இவரிடம் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. சாயம் போன துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவரே நோட்டை எடுத்து அந்த ஏழு கோட்டுப் பக்கத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "இப்படி ஒரு பக்கம் இருந்தா நீ பரீட்சைக்கு அனுப்புவியா" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. கார்ச் சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார், அன்றைக்கு மட்டும் நாலு கோட்டு தைத்து முடித்தார்.

இப்போது நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்து இருக்கை. நோட்டு அவர் கையில், துணியில் குறி போடுகிற பென்சிலால் எனக்குக் கோடு போடுகிறார், ஓட்டும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்ததற்கு ஒன்று, முன்னால் போனவனைத் திட்டியதற்கு ஒன்று, திட்டினால்கூடக் கோடு உண்டா என்றால் உண்டாம். காரை வாங்கிக் கொடுத்தது தப்போ என்று நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அந்தத் தள்ளுவண்டிக்காரர் இன்றைக்கும் பெட்டி தள்ளிக்கொண்டிருக்கிறார், ஒன்றரை வருஷத்தில் அப்பாவின் கையால் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை, அதை நினைத்தால் அந்தப் பித்தான் கண்ணைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது. அது தன் வேலையைச் செய்தது. ஏன் இவ்வளவு தடவை மணி அடிக்கிறது என்று கேட்பது என் வேலை, அதை நான்தான் செய்யவில்லை. நீங்கள் வரும்போது குட்டியைத் தாத்தாவுக்கு வலது பக்கம் உட்காரவை, அவள் பேசும்போது முகம் தெரியவேண்டும். தாத்தா ஏன் ஓட்டவில்லை என்று கேட்டால் நீ ஒன்றும் சொல்லாதே, அவரே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இனி உன் விஷயம், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இது குடும்பத்தில் வருகிற நோய், பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகள் நாற்பதுக்குள் ஒரு தடவையாவது பரிசோதித்துக்கொள்ளவேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். உனக்கு வருகிற வருஷம் நாற்பது. எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறதே என்று சொல்லாதே, அப்பாவும் அதைத்தான் சொன்னார். நீ ஓட்டுவதும் இதே மாதிரிக் கார், பின்னால் குட்டி உட்கார்ந்திருக்கிறாள், மருமகள் பக்கத்தில் இருந்து உனக்கு எந்தப் பக்கம் அதிகமாகச் சொல்கிறாள் என்று அவளிடமே கேட்டுப் பார். கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து எடுத்த அந்தத் தாளைக் கையோடு கொண்டுவா. அதைப் பார்க்காமல் இங்கே உனக்குச் சாவி கிடையாது, நாலு மாதம் அலையவிட்டவள் நான், மறந்துவிடாதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் பத்திரமாய்ப் போய்ப் பத்திரமாய்த் திரும்பி, நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். மருமகளுக்கு என் அன்பைச் சொல், குட்டிக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பிரேக் டீச்சர்.

ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவர் பார்க்காமல் அனுப்பக்கூடாது என்று தோன்றியது. குறி போடுகிற பென்சிலோடு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, இடது ஓரத்தை விரலால் தொட்டுத் தொட்டு, எல்லாப் பக்கமும் படித்தார். ஒரு கோடுகூடப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். அதனால் அனுப்புகிறேன்.